நூற்றிருபது மீட்டரில் ஒரு காலிக் கட்டம்

மேடையில் இருக்கும் மேலாளர் அவர்களே, மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் மருத்துவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, எங்கள் அளவீட்டுக் குழுவினரே, அனைவருக்கும் வணக்கம்.

மறைந்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர். ஆனால் 'இன்னொரு தடவை அக்கா' என்றால்தான் வாசல் காவலருக்கும் தெரியும். எந்த அளவீட்டையும் ஒரே முறையில் நம்பாதவர். எங்கள் வேலை என்ன? ட்ரோனில் ஒரு கைபேசியைக் கட்டி மேலே அனுப்புவோம். பத்து மீட்டருக்கு ஒருமுறை, அலைபேசிக் கோபுரங்களின் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று குறிப்போம். மேலே போனால் சிக்னல் கூடும் என்றுதானே நினைக்கிறோம்? கோபுரங்களோ தலை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மேலே இருப்பவருக்குக் கிடைப்பது சிந்தியதும் சிதறியதும்தான்.

இரத்தப் பைகளை, அலைபேசிச் சிக்னலால் இயங்கும் ட்ரோனில் அனுப்ப இங்கே வந்திருக்கும் மருத்துவர்களின் மருத்துவமனை முடிவு செய்தபோது, பாதையை அளந்தது நாங்கள்தான். அக்கா விடுப்பில் இருந்தார். நூறு மீட்டர் வரை சிக்னல் குறையவே இல்லை. ஒரே தடவை பறந்துவிட்டு, பெருமையோடு அறிக்கையை நானே அனுப்பினேன்.

திரும்பி வந்த அக்கா என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு அழகா வராதேம்மா. இன்னொரு தடவை."

முணுமுணுத்துக்கொண்டே போனோம். வழக்கமான இடத்தில் ஒரு லாரி நின்றதால், எங்கள் வண்டியைக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தினோம். எழுபது மீட்டரில் சிக்னல் செத்தது. அப்போதுதான் புரிந்தது. வண்டிக் கூரையில் இருந்த, கோபுரம் போலவே சிக்னல் அனுப்பும் எங்கள் சோதனை அலைபரப்பியை இரண்டு தடவையும் அணைக்க மறந்திருந்தேன்; இந்தத் தடவை கட்டடம் அதை மறைத்துவிட்டது. ஊர்க் கோபுரத்தை அல்ல, எங்கள் வண்டியையே அளந்திருக்கிறேன்!

அந்த வியாழக்கிழமையன்றே இரத்தப் பையோடு முதல் ட்ரோன் கிளம்பவிருந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அக்கா என் முன்னாலேயே மருத்துவமனையை அழைத்தார்.

"நாங்க தப்பா அளந்துட்டோம். நாங்க சொல்ற வரைக்கும் பறக்க விடாதீங்க."

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தப்பு உன்னோடது. அறிக்கை நம்மளோடது. வண்டியக் கிளப்பு."

அதற்குப் பின் அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. இப்படி ஒருவரை நாங்கள் எங்கே போய்த் தேடுவது?

நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன். அழுதுகொண்டிருந்த அவர் கணவர் திடீரென்று சிரித்தார். "எல்லாத்தையும் இன்னொரு தடவை பார்ப்பா. என்னை மட்டும் ஒரே தடவை பார்த்துட்டுச் சரின்னுட்டா," என்றார். ஐயா, அந்த ஒரு அளவீட்டில் அக்காவுக்குப் பிழையே இல்லை.

அவர் விட்டுச்சென்ற கடைசி அட்டவணையில் நூற்றிருபது மீட்டர் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அறிக்கைக்குக் கெடு இந்த வெள்ளிக்கிழமை. வளைகோட்டைக் கொஞ்சம் நீட்டினால் எண் கிடைத்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று எங்களுக்குள்ளேயே பேச்சு எழுந்தது. மேலாளர் அவர்களே, இந்தச் சபையின் முன் சொல்கிறேன்: அந்தக் கட்டத்தை ஊகத்தால் நிரப்ப மாட்டோம். கெடு தவறுவதற்கான பொறுப்புக் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

கெடு முடிந்து வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பறக்கிறோம். அலைபரப்பியை அணைத்துவிட்டு, நூற்றிருபது மீட்டருக்கு. வருகிற எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை உடனே எழுத மாட்டோம், அக்கா.

இன்னொரு தடவை பறப்போம்.