தலைமை: தேவசுந்தரம்

"ஹலோ… ஹலோ… ஆமாம்மா, சங்கரன்கோவில்தான். நான்தான் புக் பண்ணினேன்… மெட்ராஸ்… ஆமா, ஆமா, பவுல்பாண்டியன்னு பேரு சொல்லித்தான் குடுத்தேன்… வந்துட்டானா? குடும்மா… ஹலோ… ஏலே, பவுலு… நான்தாம்லே, அப்பா… பதறாத. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் உசிரோடதான் இருக்கோம்…"

தேவசுந்தரத்துக்கு வலது கையில் ரிசீவர், இடது கையில் ஈரம் காயாத ஒரு ப்ரூஃப் தாள். ராஜபாளையம் ரோட்டில் பெத்தேல் அச்சகம் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் மனிதர். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வாழ்த்து அட்டையும் புது வருஷக் காலண்டருமாக அச்சகத்தில் நிற்க இடமில்லை. அதற்குள் பார்லிமென்ட் தேர்தல் வேறு வந்து தொலைத்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஊர்க் கட்சிச் செயலாளர் தங்கசாமி வந்து, மெட்ராஸிலிருந்து இவருடைய மகன் எழுதி அனுப்பியதாக ஒரு பொதுக்கூட்ட நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் கம்பாசிட்டர் குருநாதன் அச்சுக் கோத்து ப்ரூஃப் எடுத்து மேஜையில் வைத்தான். பிழை பார்க்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் பாதியிலேயே எழுந்து, டெலிபோன் ஆபீஸ் பெண்ணிடம் மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டார்.

"நோட்டீஸ் விஷயமாத்தான் கூப்பிட்டேன்… பிழையா? நீ எழுதினதுல பிழை இருக்குமாலே, வக்கீலுக்குப் படிச்சவன்… பிரமாதமா இருக்கு. 'அன்னையின் கரத்தை வலுப்படுத்துவோம்'… ம்… எந்த அன்னைன்னு எனக்குச் சட்டுன்னு பிடிபடல, கேட்டியா. பெறவு டெல்லின்னு கண்டதும் விளங்கிட்டு… சரி, அது கிடக்கட்டும். கொஞ்சம் கீழ வந்தா 'தலைமை'ன்னு இருக்கு. அதுக்கு நேரா, 'மிசா கொடுமையில் வாடிய மறவன் பவுல்பாண்டியனைப் பெற்றெடுத்த பெருந்தகை தேவசுந்தரம் அவர்கள்'… இந்த தேவசுந்தரம் யாருலே? நம்ம ஊர்ல இன்னொருத்தர் இருக்காரா, நான் பாத்ததில்லையே…"

"…"

"நானா… அப்படியா… சந்தோஷம்லே. யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா… இல்ல, கோபம் ஒண்ணும் இல்ல. ஊர்ல எத்தனையோ பேரைத் தலைமை தாங்க வச்சிருக்கேன். முன்னிலை வகிக்க வச்சிருக்கேன். நன்றி சொல்ல வச்சிருக்கேன். என்னையத் தலைமை தாங்கச் சொல்லி என் அச்சாபீசுக்கே ஆர்டர் குடுத்து, அடிச்ச கூலியையும் பெறவு தாரோம்னு சொல்லுத மரியாதை வேற யாருக்குக் கிடைக்கும்…"

விஷயம் இதுதான். நெருக்கடி நிலைக் காலத்தில், மகனுடைய கட்சியின் ஆட்சியைக் கலைத்த கையோடு, மகனையும் மிசாவில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம் விசாரணை இல்லை, வழக்கு இல்லை, ஜாமீன் இல்லை. டெல்லியில் அப்போது ஆண்டுகொண்டிருந்தது, நோட்டீஸில் அன்னையாகியிருக்கும் இதே அம்மையார்தான். நடுவில் தோற்று, பதவி இழந்து, இப்போது மறுபடியும் ஆட்சியைக் கேட்டு நிற்கிறார். மகனுடைய கட்சி அவரோடு கூட்டணி சேர்ந்துவிட்டது. நேற்று வரை திட்டிய வாயை ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்துக்கொண்டு, விடிந்ததும் வாழ்த்த ஆரம்பித்துவிட்டார்கள். துடைக்கத் துண்டு தேடியதாகக்கூடத் தெரியவில்லை.

"சொல்லு, சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்… ஆமா… நிலையான ஆட்சி… ஆமா ஆமா… டெல்லியில நடுவுல வந்த பெருசுக எல்லாம் நாற்காலிக்கு அடிச்சுக்கிட்டது எனக்கும் தெரியும். பேப்பர் நானும்தான் வாங்குதேன்… வெங்காயமா? ஏறித்தான் போச்சு. அதுல ஒன்கூட எனக்குத் தகராறே இல்ல… அப்பம் நீ சொல்லுதது என்னன்னா, ஒன்னைய ஒரு வருஷம் உள்ள வச்சது ஒரு பக்கம், வெங்காய விலை ஒரு பக்கம். தராசுல வச்சுப் பாத்தா வெங்காயம்தான் கனம் ஜாஸ்தி. அப்படித்தான?… இல்லலே, நக்கல் பண்ணல. சாம்பாருக்கு வெங்காயம் வேணும்லா…"

"…"

"அந்தம்மாவை எனக்கும் பிடிக்கும்லே. பிடிச்சுது. நான் இல்லைங்கல… பேங்கையெல்லாம் சர்க்கார் ஆக்கினப்பம் நான் எப்படிப் பேசினேன்? பங்களாதேஷ் சண்டை ஜெயிச்சப்பம் ரோட்டுல போறவன் வாறவனுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தது யாரு? இந்த மிஷின்ல அந்தம்மாவுக்கு ஓசிக்கு நோட்டீஸ் அடிச்சவன் நான். அப்பமும் நீங்க கூட்டணிதான், எனக்கு மறக்கல… பெறவு உள்ள போட்டாங்க. இப்பம் மறுபடி கூட்டணி… தாயம் ஆடுத மாதிரி இருக்கு. உள்ள, வெளிய, உள்ள, வெளிய."

குருநாதன் எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு இல்லாத எழுத்தைத் தேடினான். சிரிப்பை அடக்க அவனுக்கு அது ஒன்றுதான் வழி.

"ஏலே, நீ வெளிய வந்த அன்னைக்கு நம்ம பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சு என்ன பேசினேன்னு ஞாபகம் இருக்கா… இருக்கும். நல்ல ஞாபகசக்தி ஒனக்கு… அந்த நோட்டீஸும் நம்ம ஆபீசுலதான் அடிச்சோம். 'சர்வாதிகாரியை வீழ்த்துவோம்'. நல்லாக் கொட்டை எழுத்துல. அதே எழுத்துதாம்லே இது. குருநாதன் கலைச்சுப் பெட்டியில போட்டவன், இப்பம் எடுத்துத் திரும்பக் கோத்திருக்கான். சர்வாதிகாரியில இருந்த 'ரி'யோ 'கா'வோ இப்பம் 'அன்னை'க்குப் பக்கத்துல நிக்கும். ஈய எழுத்து பாவம், அதுக்கு என்ன தெரியும். எங்க நிறுத்தினாலும் நிக்கும்… நான் ஒன்னையச் சொல்லலலே. ஈயத்தைச் சொல்லுதேன்."

"…"

"ஆ, சொல்லும்மா… அதுக்குள்ள மூணு நிமிஷம் ஆயிட்டா? இன்னொரு மூணு போடும்மா… என் பேருலதான், கட்சி பேருல இல்ல… ஹலோ, இருக்கியாலே?… ஊரா? ஊர்ல எல்லாரும் மறந்துட்டாங்கதான். மறந்துட்டாங்கன்னு என்ன சொல்லுத, நீ ஜெயில்ல இருந்து வந்த ஈரம் காயுமுன்னயே இந்தச் சீமை பூரா அந்தம்மா பக்கம்தான் ஓட்டைப் போட்டுது. வடக்க இருக்கவன் தோக்கடிச்சான். நாம சோறு போட்டோம். நமக்கு மனசு பெருசு… ஊர் மன்னிச்சதுல எனக்கு வருத்தம் இல்லலே. ஊருக்கு என்ன, அது பெத்த பிள்ளையா உள்ள இருந்துது?"

அடுத்து மகன் எதையோ சொன்னான். தேவசுந்தரம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"…ஒங்க அம்மையா… ம்… ஆமா. பண்ணினா. தினமும் பண்ணினா… கடைசி வரைக்கும் பண்ணினா. எனக்குத் தெரியாதா? பக்கத்துல முழங்கால் போட்டு நின்னவன் நான்."

அவர் மனைவி நேசமணி அம்மாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில், வீட்டாருக்கும் நோயாளிகளுக்கும் வேண்டிக்கொண்ட பிறகு, நாட்டை ஆளுகிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டுவாள். பெயர் சொல்லித்தான் வேண்டுவாள். மகனைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் அதை நிறுத்தவில்லை. மேலே இருக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாது, கீழே இருக்கிறவர்கள் செய்கிறார்கள், தெரிந்தால் விட்டுவிடுவாள் என்பது அவள் வாதம். அந்த நாட்களில் ஜெபம் அந்தப் பெயருக்கு வரும்போது தேவசுந்தரமும் முழங்காலிலேயே நிற்பார். ஆமென் மட்டும் சொல்லமாட்டார். அவளும் கவனித்தாள், ஏன் என்று கேட்டதில்லை.

"அம்மையே மன்னிச்சிட்டாளேன்னு சொல்லுத… மன்னிச்சாதான். அது அவ மன்னிச்சது. செயற்குழு கூடித் தீர்மானம் போட்டா அவ மன்னிச்சா?… சீட்டு எண்ணிப் பாத்தா மன்னிச்சா?… அவ பேரை இதுல இழுக்காதலே. நோட்டீஸ்ல எழுதாத வரைக்கும் நல்லதுன்னு நினைச்சேன். வாயில கொண்டுவந்துட்ட."

"…"

"சத்தம் போடல. சொல்லு… எதுக்கு? சீட்டா?… ஒனக்கா… அடுத்த அசெம்பிளிக்கு… யாரு சொன்னா?… மேலிடத்துலயே சொல்லிட்டாங்களா… ஓ… 'உள்ள கிடந்தவனோட அப்பாவே மேடையில உக்காந்துட்டாருன்னா ஜனங்களுக்கு வேற என்ன சாட்சி வேணும்'… நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க… அப்பம் நான் உக்காரலைன்னா?… ம்… ம்… வேற ஆளு இருக்கானா… புரியுது, புரியுது. அழாதலே. வக்கீல் அழக்கூடாது."

இதுதான் நெஞ்சில் போய்த் தைத்தது. ஜெயிலுக்குப் போனதில் மகனுடைய வக்கீல் தொழில் படுத்துவிட்டது. கட்சிக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் கட்சி கேஸுக்கும் கூப்பிடுகிறார்களே தவிர, பீஸ் கொடுத்து வழக்காட ஒருத்தன் வாசலில் வந்து நிற்பதில்லை. வயதும் ஏறிக்கொண்டு போகிறது. இந்த சீட் கிடைத்தால் அவன் நிமிர்ந்துவிடுவான். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் மேடையில் வரவேற்புரைதான். பெற்ற மகன் இத்தனை வருஷத்தில் அப்பனிடம் கேட்ட ஒரே உதவி இது. மேடையில் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். தேவசுந்தரத்துக்கு மகன்மேல் கோபத்தைவிடப் பாசம் அதிகம். அதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

அவர் தாளை மேஜைமேல் பரத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். குரல் திடீரென்று சாந்தமாகிவிட்டது.

"சரி மக்கா. வாரேன்…"

"…"

"ஆமா, வாரேன்னுதான் சொல்லுதேன். தலைமை தாங்குதேன். நோட்டீஸும் அடிச்சிருதேன், கீழ அச்சாபீஸ் பேரோட. கூலி வேண்டாம்… இருக்கட்டும்லே, நீ சந்தோஷமா இரு… சால்வையா? போடச் சொல்லு. வெள்ளை வேட்டி இருக்கு, தேய்ச்சுக்கிடுதேன்… ஒரு விஷயம் கேக்கணும். எனக்கு இந்த மேடை வழக்கமெல்லாம் தெரியாது. தலைவர்னா முதல்ல பேசணும்லா?… வரவேற்புரை முடிஞ்சதும் நான்தான்… நல்லது. கூட்டம் கலையுறதுக்குள்ள பேசிரலாம்… நிமிஷக் கணக்கு உண்டா?… இல்லையா… ரொம்ப நல்லது."

மகன் குரலில் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது. தேவசுந்தரம் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"எழுதி அனுப்புதியா? வேண்டாம். எழுதி வச்சுப் பேசினா எனக்கு நாக்கு குழறும். நான் நடந்ததைச் சொல்லிட்டு உக்காந்துருதேன்… எதையா? ஒங்க அம்மை செத்ததைத்தான்…"

"…"

"நீதானலே அம்மை பேச்சை எடுத்த? நான் எடுக்கலையே… நீ உள்ள இருந்தப்பம் ஐப்பசி மழையில அவ காய்ச்சல்ல கிடந்ததைச் சொல்லுதேன். பவுலு வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கிடந்ததைச் சொல்லுதேன். சாகிறதுக்கு முந்தின நாள் சாயங்காலமும் படுத்த வாக்குல ஜெபம் பண்ணி, அந்தம்மா பேரைச் சொல்லி, நல்ல புத்தியையும் சுகத்தையும் குடும் ஆண்டவரேன்னு கேட்டதைச் சொல்லுதேன்… இரு, குறுக்க பேசாத. ஒன்னைய ஒரு நாளாவது விடச் சொல்லி நான் தந்திக்கு மேல தந்தி அடிச்சதைச் சொல்லுதேன். பெட்டியை மூடணும்னு குருவானவர் சொன்னப்பம், கொஞ்சம் பொறுங்க, திருநெல்வேலி பஸ் வரட்டும், அதுல வருவான்னு நான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதைச் சொல்லுதேன். பஸ் வந்துது. ஊர் ஜனம் பூரா வாசல்ல நின்னு பாத்துது. ஒரு கூடைக்காரி இறங்கினா. கண்டக்டர் இறங்கி டீ குடிக்கப் போனான். பஸ் போயிட்டு. நாங்க பெட்டியை மூடிட்டோம்… இவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல."

"…"

"பயப்படாத. கட்சிக்கு விரோதமா ஒண்ணும் சொல்லமாட்டேன். இதெல்லாம் சொல்லிட்டு, 'அதனால ஜனங்களே, எல்லாரும் தவறாம அன்னை அவர்களுக்கே ஓட்டுப் போடுங்க'ன்னு சொல்லித்தான் முடிப்பேன். வார்த்தை மாறமாட்டேன்… ஏலே… பவுலு… என்ன சத்தத்தையே காணும்? நல்லா இருக்குமா, இல்ல ஏதும் திருத்தணுமா? நீதான மேடைக்காரன், சொல்லு… மக்கா… ஹலோ… ஹலோ…"

தேவசுந்தரம் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். குருநாதன் இப்போது சிரிக்கவில்லை. கையில் எடுத்த எழுத்தைப் பெட்டியில் போடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"…ஆமாம்மா, சங்கரன்கோவில்தான்… முடிஞ்சிட்டு… இல்ல, லைன் கட் ஆகல. லைனெல்லாம் நல்லாத்தான் இருந்துது. அவன்தான் வச்சுட்டான்… வேண்டாம்மா, மறுபடி போட வேண்டாம்… நீயும் கேட்டுக்கிட்டுதான இருந்த, சொல்லு பாப்போம். வரமாட்டேன்னு நான் எங்கயாவது சொன்னேனா? வாரேன்னுதானம்மா சொன்னேன்."