லிந்தாங்கின் உலர்பொருள்

உங்கள் வீட்டு மேசை ஆடுகிறது, பாக் ஹர்ட்டோயோ. எழுத உட்காரும் முன் ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட வேண்டாம். ஆடும் மேசையில் எழுதுவதும் எடை போடுவதும் எனக்கு ஆகாது. உங்கள் மனைவி வைத்துவிட்டுப் போன வாழைப்பழ பஜ்ஜி மொறுமொறுவென்று இருந்தது. மாவுக்குத் தண்ணீர் அளவாக விட்டிருக்கிறார்.

"நம்ம தெருச் சண்டை எதுவும் இதுவரைக்கும் போலீசுக்குப் போனதில்ல. நடந்தத நடந்தபடி ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கறேன்" என்றீர்கள். தெருத் தலைவர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். அதுவும் போக, நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் பிழைப்பே.

வாகியோனோ என்கிற நான் கோழித்தீவன ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். லாரியில் வரும் சோளம், தவிடு, மீன்தூள் எதுவானாலும் ஒரு கைப்பிடி என்னிடம் வரும். எடை போட்டு, நூற்றைந்து டிகிரி அடுப்பில் உலர்த்தி, ஆறவைத்து, மறுபடி எடை போடுவேன். இதற்கு மேல் எடை குறையாது என்று ஆகும்வரை விடமாட்டேன். போனது தண்ணீர், மிஞ்சியது உலர்பொருள். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் எல்லாம் அதற்குள்தான். ஈரத்தோடு சேர்த்துச் சொல்கிற எந்த அளவையும் நான் நம்புவதில்லை.

ஒரு தவிட்டு வியாபாரி வந்து, "என் தவிட்டுல உமியா? பெத்த புள்ள மேல சத்தியம் பண்றேன் சார்" என்று குதித்தார். நார்ச்சத்து இருபத்தாறு சதவீதம் என்ற தாளை நீட்டினேன். பிள்ளையை விட்டுவிட்டு மைத்துனன்மேல் பழியைப் போட்டார். சத்தியம் செய்பவர்களை எனக்குப் பிடிக்கும், சிரிக்க எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வீட்டிலும் இந்தப் புத்திதான். என் மனைவி ருக்மியாத்தி வாங்கிவந்த தெம்பே என்ற சோயாக் கட்டியில் ஒரு துண்டை ஆலைக்கு எடுத்துப் போய்ப் புரதம் பார்த்து வந்து சொல்வேன். "கட்டின பொண்டாட்டிய மட்டுந்தான் இன்னும் அடுப்புல வச்சுப் பாக்கல" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். நானும் சிரிப்பேன். எங்கள் வீடு சந்தோஷமான வீடு என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அந்தப் பக்கத்து வீடுதான் பர்ஜியோவின் வீடு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, தள்ளுவண்டியில் இறைச்சி உருண்டை சூப் விற்றுக்கொண்டு தனியாக இருக்கிறார். அவரிடம் லிந்தாங் என்ற பெர்குதுத் புறா இருந்தது. விடிந்ததும் கயிற்றை இழுத்துக் கூண்டைக் கம்ப உச்சிக்கு ஏற்றிவிடுவார். அது மேலேயிருந்து ஒரு 'குங்' விடும் பாருங்கள், தெரு முழுக்க ஒரு கணம் நின்று கேட்கும். ருக்மியும் பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இந்தக் குங் கேட்டாத்தான் எனக்கு விடியுது" என்றாள் ஒருநாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அதை நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

என்னிடமும் ஒரு பெர்குதுத் இருந்தது, பாகோங் என்று பேர். அதற்கு நான் கொடுத்த தீவனத்தை ராஜா வீட்டுப் பறவைக்குக்கூட யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். புரதம் பதின்மூன்று சதவீதம், சுண்ணாம்புச் சத்து, உப்புச் சத்து, எல்லாம் உலர்பொருள் அடிப்படையில் கணக்கிட்டது. பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அது பாடினால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று ருக்மி எழுந்து போவாள்.

பர்ஜியோ எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். நேராகவே கேட்டேன்.

"என்னத்தண்ணே மறைக்கப் போறேன்? சந்தைத் தினை, ஒரு பிடி கறுப்பரிசி, அவ்ளோதான். காலையில ரெண்டு வார்த்தை பேசுவேன். 'என்னம்மா, தூங்குனியா'ன்னு கேப்பேன்." இதைச் சொல்லிவிட்டு அவரே ஒரு பொட்டலம் தீவனத்தை ரப்பர் போட்டுக் கட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. சோதித்தேன். புரதம் பத்துக்கும் கீழே. தினையில் மண் வேறு. எச்சத்தையும் கேட்டு வாங்கிச் சோதித்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

அப்படியானால் தீவனத்தில் இல்லாதது பறவையில் இருக்கிறது. இதைச் சின்னக் குழந்தைகூட ஒப்புக்கொள்ளும். பறவைக்கான பக்கம் எங்கள் ஆலையின் அட்டவணையில் காலியாகவே கிடந்தது. எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. வேண்டுமானால் இந்த வரிமேலேயே ஸ்டாம்பை ஒட்டிக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை பர்ஜியோ அக்கா மகள் கல்யாணத்துக்கு சோலோ நகருக்குக் கிளம்பினார். கூண்டோடு என் வாசலுக்கு வந்தார். "ரெண்டு நாள் பாத்துக்கங்கண்ணே. வேற யாரையும் நம்பி விடமாட்டேன். தீவனம் தெரிஞ்சவரு நீங்கதான்" என்றார். அடுத்த வாரப் பறவைப் பாட்டுப் போட்டிக்கு லிந்தாங்கோடு போகத் தெருவே வேன் பேசி வைத்திருந்தது. ஆகவே எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலையில் யாரும் இல்லை. காலையிலேயே இரண்டு கூண்டுகளையும் எடுத்துப் போனேன். ஒன்றை மட்டும் சோதித்தால் அதற்கு அர்த்தம் இல்லை, ஒப்பிட இன்னொன்று வேண்டும். அதனால் பாகோங்கைத்தான் முதலில் எடுத்தேன். என்னுடையதை விட்டுவிட்டு அவருடையதை மட்டும் எடுத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பஞ்சில் மயக்க மருந்து நனைத்து மூக்கருகே பிடித்தேன். இரண்டுமே சிரமப்படவில்லை. லிந்தாங் நடுவில் ஒரு குங் விட்டது. அந்த அறையில் அது நன்றாகவே எதிரொலித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு எடை போட்டேன், ஐம்பத்தெட்டு கிராம். மற்றதை விதிப்படி செய்தேன்.

திங்கள் மாலை முடிவு கைக்கு வந்தது. உலர்பொருள்: பாகோங் 34.1, லிந்தாங் 34.3. அதில் புரதம் 57.9, 58.2. கொழுப்பு 20.4, 20.1. சாம்பல் 9.6, 9.5. இந்த வித்தியாசமெல்லாம் தராசின் பிழைக்குள் அடங்கிவிடும். இரண்டும் ஒரே பறவை என்று சொன்னால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அன்று இரவே பர்ஜியோ வந்துவிட்டார். எனக்கென்று கல்யாணச் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தது. வெறும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பறந்து போச்சாண்ணே? பரவால்ல, சொல்லுங்க. கதவு சரியா சாத்தலியா?"

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. முடிவுத் தாளை விளக்குக்கடியில் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். படிக்கச் சிரமப்படுகிறாரோ என்று நானே விளக்கிச் சொன்னேன். பிறகு, "இதுல எதுண்ணே என் லிந்தாங்?" என்று கேட்டார்.

"வலது பக்கம் இருக்கறது" என்றேன்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது ஆலையின் தாள், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் என் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ருக்மி அதைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு அன்றே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "வீட்ல இனிமே என்ன சத்தம் கேக்கப் போகுது?" என்றாள். அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டு நானும் இரண்டு நாளாக யோசித்தேன்.

யோசித்ததில் என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பறவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆவியாகப் போகிறது. இருபத்திரண்டு வருடமாக அதை வெறும் தண்ணீர் என்று எழுதி ஜன்னல் வழியாக விட்டிருக்கிறேன். ஒருநாளாவது பிடித்துப் பார்த்தேனா? மிஞ்சியதில் இல்லையென்றால் போனதில்தான் பாட்டு இருந்திருக்க வேண்டும். கையில் கிடைத்த ஒரே நல்ல பாட்டைக் கவனக்குறைவாக வெளியே விட்டுவிட்டேன். பர்ஜியோவிடம் இதற்காக மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

'இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்' என்று கடைசி வரி எழுதச் சொன்னீர்கள். அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆலை அடுப்பின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்திவிட்டேன், இந்தத் தடவை ஒரு சொட்டுகூட வெளியே போகாது. உங்கள் வாசலில் தொங்குகிறதே ஒன்று, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்று தரம் பாடிவிட்டது.