அந்த ஒற்றைக் கையெழுத்தின் கீழே

பலாபத்வல மாலையொளி முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணிபுரிந்து, 2006 ஜூலைத் திங்கள் இறுதி நாளில் ஓய்வுபெறும் பராமரிப்பாளர் செல்வி லூசியா அவர்கட்கு, உடன் உழைத்தோர் எழுதி வாசித்தளிக்கும் மடல்.

கை நடுங்குவோர்க்குக் கரண்டியானவரே, கண் மங்கியோர்க்குக் கடிதம் வாசித்தவரே, கால் ஓய்ந்தோர் கட்டிலருகே காலையும் மாலையும் காவல் நின்றவரே, வணக்கம்.

தாங்கள் 1978இல் இவ்வில்லத்துப் படியேறியபோது கட்டில்கள் பன்னிரண்டு, இன்று முப்பத்தொன்று. மழைக்காலத்தில் மலசலம் எடுக்கும் படுக்கைச் சட்டியை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய பின்னரே நீட்டும் வழக்கம், தங்களுக்கு முன் இங்கு எவருக்கும் தோன்றியதில்லை. குளிசை விழுங்க மறுப்பவர்க்கு வாழைப்பழத்தில் மசித்துக் கொடுத்ததும், கொடுத்தபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததும் தாங்களே. எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கிளர்ச்சியில் பஸ் ஓடாத நாட்களில், இல்லவாசிகள் ஒன்பது பேரின் மருந்து எழுதிய கிளினிக் கொப்பிகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, ஆளற்ற கண்டி வீதியில் மாத்தளைவரை நடந்துபோய் மருந்து வாங்கிவந்தீர்கள். திரும்பியபோது செருப்பில் ஒன்று இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "அது பாதியிலயே ரிட்டயர் ஆயிருச்சு" என்றீர்கள்.

இதோடு நிறுத்தி, நீடூழி வாழ்க என்று முடித்திருந்தால் இம்மடல் தங்களுக்குப் பிடித்திருக்கும். நேற்றுக் காலை சமையலறையில், விழாவுக்கு வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்த பதுர்தீன் நானாவிடம் தாங்கள் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

"நானா, மடல்ல என்னத்த எழுதப் போறீங்க? நல்லா இருன்னு ரெண்டு வரி போதும். மத்ததெல்லாம் வேணாம்."

"மத்தது என்னன்னு சொல்லுங்களேன்."

"ஒங்களுக்குத் தெரியும். அடுப்பப் பாருங்க, தண்ணி வத்தப் போகுது."

எங்களுக்குத் தெரியும். ஏழு வருடமாகத் தெரியும். நிர்வாக சபைக் கோப்பில், மார்ஜரி அம்மாவின் மரணத்துக்கு லூசியா ஒருவரே பொறுப்பு என்று எழுதி, அதன் கீழ் தங்கள் ஒற்றைக் கையெழுத்து இருக்கிறது. அது உண்மையல்ல. மேடையில் வீற்றிருக்கும் தலைவரும் பெரியோரும் பொறுத்தருள வேண்டும். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றை இனி வாசிக்கிறோம். தாங்கள் என்று எழுதவும் இனிக் கை வரவில்லை, அக்கா. நீங்கள் என்றே எழுதுகிறோம்.

மார்ஜரி அம்மா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் முப்பது வருடம் ஆயாவாக இருந்தவர். கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் பிள்ளைகள் எத்தனை நூறு அவர் மடியில் தூங்கியெழுந்தனவோ, கணக்கில்லை. இடுப்பெலும்பு முறிந்து அவர் படுக்கையானது தொண்ணூற்றெட்டின் கடைசியில். பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை. மாதம் ஒருமுறை கிளினிக்கில் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் கொப்பியைக் காட்டினால் கொடுத்தார்கள். பிறகு நோயாளி நேரில் வரவேண்டும் என்றார்கள். விதியில் பிழையில்லை. ஆளைப் பார்த்துத்தானே மருந்து எழுத முடியும்?

ஆனால் ஆளைக் கொண்டுபோக வழியில்லை. போர்க்காலம், வீதியில் இராணுவச் சோதனைச் சாவடி. வாகனத்தில் வருவோர் அனைவரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, அந்தப் பக்கம்வரை நடக்க வேண்டும். திரீவீலர்க்காரர் பாறூக்கின் வண்டியில் மார்ஜரி அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு நீங்கள் போனீர்கள். இறங்கச் சொன்னார்கள். இறங்க முடியாது என்றீர்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றது வண்டி. கடைசியில் சிப்பாய்ப் பையன் தன் தொப்பியால் அம்மாவுக்கு விசிறியபடி, மேலிடத்து உத்தரவு அம்மே, நான் என்ன செய்ய என்று சிங்களத்தில் மன்றாடித் திருப்பி அனுப்பினான். இல்லம் வந்த பின்னும் மார்ஜரி அம்மா முனகிய முனகலைக் கேட்டவர்கள் நாங்கள்.

அன்று பின்னேரம் சமையலறையில் கூடிப் பேசினோம். மார்ஜரி அம்மாவுக்குப் பதில், நடக்கக்கூடிய ஒருவரை அவர் பெயரில் அழைத்துப் போகலாம் என்ற யோசனையைச் சொன்னவர் இல்லத்து அலுவலக எழுதுநர் ஒஸ்வல்ட்.

"பொய் சொல்லி மருந்து வாங்குறதா?" என்றீர்கள் நீங்கள்.

"மருந்து இல்லாம படுக்கப் போடுறதா?" என்றார் ஒஸ்வல்ட்.

அங்கிருந்த பணியாளர் நாங்கள் ஒன்பது பேரும் சரியென்றோம். நீங்கள் மட்டும் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. இல்லத்திலிருந்தோரில் மார்ஜரி அம்மாவின் வயதொத்த ராசம்மா அம்மாவைத் தேர்ந்தோம். பொட்டை அழித்து, கழுத்தில் செபமாலை போட்டு, கண்ணாடி காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு ஞாபகமிருக்கிறதா?

"பேரு மாறுறது எனக்கென்ன புதுசா? தோட்டத்துல கணக்கப்புள்ள ராசம்மான்னு எழுதினதே இல்ல. ஒரு மாசம் ரோசம்மா, ஒரு மாசம் ராமம்மா. மார்ஜரி தேவல, கேக்க கவுரவமா இருக்கு."

நான்கு மாதம் அது பலித்தது. கூட்டம் மொய்க்கும் கிளினிக். பெயரைக் கூப்பிடுவார்கள், ராசம்மா அம்மா கை தூக்குவார், கொப்பியைப் பார்த்து அதே மருந்தை எழுதுவார்கள்.

ஐந்தாவது முறை, 1999 மே 18, செவ்வாய்க்கிழமை. வழக்கமாய் உடன் போகும் நீங்கள் காய்ச்சலில் வீட்டில் இருந்தீர்கள். அன்று ராசம்மா அம்மாவை அழைத்துப் போனவர் ஒஸ்வல்ட். இந்தக் கணம் உங்கள் முன் நின்று இதை வாசித்துக்கொண்டிருப்பவர்.

புதிதாக வந்திருந்த டொக்டர் அக்கறையானவர். கொப்பியை மூடிவைத்துவிட்டு, ராசம்மா அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. பிறகு முதுகில் தட்டிக் கொடுத்து, இந்த வயதில் இப்படியா, நல்ல முன்னேற்றம் என்று மெச்சி, இரண்டு குளிசையில் ஒன்றை நிறுத்தினார். அவர் பார்த்த உடம்புக்கு அதுதான் சரி.

ராசம்மா அம்மா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வந்தவர் போல வந்திறங்கினார். "டாக்டரு என்னய மெச்சுனாருங்க. கொமரி மாதிரி ரத்தமாம்." நாங்கள் சிரித்தோம். தேத்தண்ணி குடித்தோம். மெச்சப்பட்டது யாருடைய ரத்தம், நிறுத்தப்பட்டது யாருடைய மருந்து என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை.

நீங்கள் நான்கு நாள் கழித்து வந்து மருந்துப் பட்டியலைப் பார்த்தீர்கள்.

"ஏன் ஒன்னு கொறஞ்சிருக்கு?"

"டொக்டர்தான் கொறச்சாரு" என்றார் ஒஸ்வல்ட். பட்டி சுற்றியதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நீங்கள் பிடித்திருப்பீர்கள்.

அந்தக் கிளினிக் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள், ஞாயிறு காலை, தேத்தண்ணிக் கோப்பை மார்ஜரி அம்மாவின் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். குளிசை நின்றதால் போனாரா, வயதால் போனாரா, எந்த டொக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கோப்பு மட்டும்தான் அறுதியிட்டுச் சொன்னது.

படுக்கையில் கிடந்தவரின் பெயரில் கிளினிக்குக்கு வேறு ஆள் போய்வந்தது கொப்பியில் தெரிய, நிர்வாக சபையின் விசாரணைக்கு மூவர் வந்திருந்தார்கள். வெளியே நடையில் நாங்கள் வரிசையாக நின்றோம். நீங்கள் தணிந்த குரலில் சொன்னீர்கள்:

"எல்லாரும் செஞ்சதுன்னா இந்த வீட்டையே பூட்டிருவாங்க. இதுகள எல்லாம் எங்க கொண்டு போறது? ஒருத்தி செஞ்சதுன்னா ஒருத்தியோட போயிரும். பேசாம இருங்க."

உள்ளே போய், நானே செய்தேன், நானே அழைத்துப் போனேன் என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். எழுந்து வரும்முன் ஒன்று மட்டும் கேட்டீர்கள்: "எனக்கு என்ன வேணும்னாலும் செய்ங்க. மாசம் ஒருக்கா டொக்டர் இங்க வரணும்." அந்த ஆவணியிலிருந்து மூன்றாம் செவ்வாய்தோறும் டொக்டர் வருகிறார். கட்டிலில் கிடப்பவரைக் கட்டிலிலேயே பார்க்கிறார். அதற்குப் பிறகு இந்த இல்லத்தில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் கை நீட்டியதில்லை. அந்த ஏற்பாட்டைப் பெற்றுத் தந்தவர் யார் என்று எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

கொஞ்சம் ஆறட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஆறியது, சொல்லவில்லை. மேற்றன் எனும் தலைமைப் பராமரிப்பாளர் பதவி இருமுறை காலியானது. இருமுறையும் கோப்பைத் திறந்து, உங்களைத் தாண்டிப் போனார்கள். மார்ஜரி அம்மாவின் மருமகன் ஒருநாள் வந்து, இதே முற்றத்தில் உங்கள் முன் நின்று, "எங்க மாமிய கொன்ன கை இதுதானா?" என்று கேட்டார். நீங்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனீர்கள். நாங்கள் ஒன்பது பேரும் அங்கேதான் நின்றோம். அவர் போனபின் நீங்கள் போய்ப் பகல் மருந்து கொடுக்கத் தொடங்கினீர்கள்; நேரமாகிவிட்டது என்று.

பெருமாட்டியே, உங்கள் பொறுமையைப் பாராட்ட எங்களுக்கு அருகதையில்லை. அந்தப் பொறுமையின் நிழலில் வேலை பார்த்து, பிள்ளை குட்டிகளை வளர்த்து, இன்று பூமாலை வாங்கிவந்து உங்கள் கழுத்தில் போட்டவர்கள் நாங்கள்.

ஆகவே இம்மடலை இரண்டு பிரதி எழுதினோம். கண்ணாடிச் சட்டமிட்டது உங்களுக்கு. மற்றது, வாசித்து முடிந்ததும் தலைவர் அவர்களின் கையில் தரப்படும். அதே கோப்பில், அதே தாளுக்கு அடுத்த தாளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். அதனால் எங்களுக்கு வருவது வரட்டும்.

நாளை பல்லேபொலவில் தங்கை வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கிருந்து கிளினிக்குக்குக் காலையில் ஒரேயொரு பஸ் என்று கேள்விப்பட்டோம். மீண்டும் வீதிகளில் சாவடிகள் முளைக்கும் காலம் இது. நோயின்றி வாழ்க என்று வாழ்த்துகிறோம். நோய் வந்தாலும், உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் கையையே நீட்டி, உங்களுக்குரிய மருந்தை வாங்கும் காலம் உங்களுக்கு வாய்க்கட்டும்.

இன்னொன்று. ராசம்மா அம்மா அதற்குப் பிறகு செபமாலையைத் தொடவுமில்லை, சிரிக்கவுமில்லை. "என் ரத்தம் நல்லா இருந்துச்சு, அதனால அவ போயிட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வதை நீங்கள்தான் அதிகம் கேட்டிருப்பீர்கள். இம்மடலை எழுதுகிறோம் என்றறிந்து, நேற்று எங்களைக் கூப்பிட்டார். "எனக்கும் கீழ எடம் வைங்க" என்றார். வைத்திருக்கிறோம்.

அன்றைய ஒன்பது பேரில் இன்று இங்கே எஞ்சியிருப்போரும், அவர்களோடு ராசம்மா அம்மாவும்:

ஒஸ்வல்ட், எழுதுநர். யோசனை சொன்னவர், மே 18 அன்று அழைத்துப் போனவர், கேட்டபோது பாதியை மறைத்தவர்.

நூருன்னிஸா, பராமரிப்பாளர். பொட்டை அழித்துவிட்டவர்.

பதுர்தீன், சமையற்காரர். வழிக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தவர்.

அழகமுத்து, காவலாளி. கை காட்டிப் பஸ்ஸை நிறுத்தியவர்.

ராசம்மா, இல்லவாசி. பெருவிரல் அடையாளம், தன் சொந்தப் பெயரில்.