இரண்டாம் கலனில் இருந்த அளவு

பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது அறுபத்தெட்டு. ஆய்வுக்கூடத்தில் திரவ நைட்ரஜன் நிரப்பும் வேலை. 'பனி ஐயா' என்பார்கள். வரிசை குழம்பிவிடும் என்ற பயத்தால், சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டுக்கொள்கிறேன்.

1. வியாழன் காலை இரண்டு கலன்களையும் அளந்தேன்.
2. இரண்டாம் கலனில் திரவம் நிறைய இருந்தது.
3. அன்று மாலை அதைக் கடைசியாகத் திறந்தவர் மாணவி.
4. திங்கள் காலை அது வற்றிக் கிடந்தது.

மாணவி ஐந்து ஆண்டுகளாக ஒரு புரதத்தின் வடிவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடிவருபவர். உறையவைத்த மாதிரிகள் இந்தக் கலன்களில்தான் இருக்கும். திரவம் வற்றினால் கெட்டுவிடும். நான் முதல் கலனை அளந்துகொண்டிருந்தபோது அவர் கதவருகே வந்து, "ஐயா, சீக்கிரம் வாங்க! இத்தனை வருஷமா வெறும் புகையா இருந்துச்சு, இன்னைக்குத்தான் முகத்தைக் காட்டிருக்கு" என்றார். அதன்பின் இரண்டாம் கலனையும் அளந்து, ஏட்டில் எழுதிவிட்டு, அவருடன் போய்த் திரையைப் பார்த்தேன். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தன. எனக்கு விளங்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன்.

அதன்பின் மாலையில் அவர் இரண்டாம் கலனிலிருந்து தம் மாதிரிகளை மட்டும் எடுத்துச்சென்றதாகக் கையெழுத்து உள்ளது. அதன்பின் மூன்று நாள் விடுமுறை. திங்கட்கிழமை மூடி திறந்து கிடந்ததாக மூத்த மாணவர் சொல்கிறார். நான் பார்த்தபோது மூடி அவர் கையில் இருந்தது. அதே கலனில் வைத்திருந்த அவருடைய மாதிரிகள் கெட்டு, இரண்டு ஆண்டு உழைப்பு போய்விட்டது.

"உன் வேலை முடிஞ்சிருச்சு. அடுத்தவன் எக்கேடு கெட்டா உனக்கென்ன?" என்று மாணவியிடம் கத்தினார்.

"மூடிட்டுத்தான் அண்ணா போனேன். பனி ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

"நெறைய இருந்துச்சேம்மா, எழுதிருக்கேனே" என்றேன். மூடியிருந்தால் அவ்வளவும் நான்கு நாளில் வற்றாது என்று, அந்த ஏட்டை வைத்தே ஆய்வுக்கூடப் பேராசிரியர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். மாணவியை ஆய்விலிருந்து நீக்கப்போவதாகவும் சொன்னார்.

எப்படி அளப்பது என்று காவல் துணை ஆய்வாளர் கேட்டார். மரக்குச்சியை விட்டு எடுத்தால் திரவம் தொட்ட உயரம்வரை வெண்பனி படியும், அதுவே அளவு என்றேன்.

"ரெண்டுக்கும் ஒரே குச்சியா? நடுவுல துடைச்சீங்களா பெரியவரே?"

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். எப்போதும் துடைத்து, காயும்வரை காத்திருப்பேன். அன்று மாணவி வாசலில் நின்றதால் துடைக்கவில்லை. இரண்டாம் கலனில் விட்டு எடுத்த குச்சியில் நான் கண்டது முதல் கலனின் பனியாக இருக்க வேண்டும். அதில் அன்றே திரவம் குறைவாக இருந்து, மூடியிருந்தும் வற்றியிருக்கலாம். மூடியைப் பற்றி நான் இனி எதுவும் சொல்ல இயலாது.

படித்துக் காட்டக் கேட்டேன். ஒன்றும் மூன்றும் நான்கும் நான் அறிந்தவரை உண்மை. இரண்டாவது தவறு.

(கையொப்பம்)