ஆம்ப் தின்ற மெமரி

குளச்சலிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், கிதார் பையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்திருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "ஏட்டி, நம்ம ஆம்ப் ஆறு ஜிபி மெமரியத் தின்னுட்டுச் செத்துப்போச்சு."

பக்கத்து இருக்கையில் கண்ணை மூடியிருந்த எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஆம்ப் என்று அவள் சொன்னது கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை அல்ல, அந்தப் பெட்டியின் ஓசையைத் தரும் லேப்டாப் மென்பொருளை என்பது போகப்போகத்தான் புரிந்தது.

"எப்ப?"

"போன வாரக் கல்யாணத்துல. மாப்ளையும் பொண்ணும் உள்ள நடந்து வரச்சில நின்னுட்டு. இன்னைக்குக் கல்யாணத்துலயும் நின்னா பொறவு நம்மள எவனும் கூப்பிட மாட்டான்."

"பாட்டுக்குப் பாட்டு சவுண்ட மாத்துனியா?"

"மாத்தாம?"

"அதான். பழைய சவுண்டு போவாம உள்ளயே கெடக்கும், புதுசும் வந்து ஏறும். மெமரி நெறஞ்சிரும். இன்னைக்கு நல்லா எரையுத சவுண்டு ஒண்ணே ஒண்ணு போடு. கடைசி வரை மாத்தாத."

"அப்ப மெதுவான பாட்டுக்கு?"

"கிதார்லயே வால்யூம் குமிழ் இருக்குல்லா. அதக் கொறச்சா எரைச்சல் அடங்கீரும்."

"ஐயோ, வாங்குன நாள்ல முழுசாத் திருகி வச்சது. பொறவு தொட்டதே இல்லட்டி."

இராஜாக்கமங்கலம் தாண்டியதும் அவள் பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து கையை உள்ளே விட்டாள்.

"இறுகிக் கெடக்கு."

"திருகிட்டே இரு. மண்டபம் போறதுக்குள்ள இளகும்."

நாகர்கோவிலில் இறங்கும்வரை அவள் கை பைக்குள்ளேயேதான் இருந்தது.