தேவகியின் வலது கன்னம்

— கையை விடுங்க தேவகி சேச்சி, எண்ணெய் ஆறிப்போவுது.

— ஆறட்டும் லீலாமணி. என் மூஞ்சியைத் தொடாதே.

— அப்புறம் எதுக்கு வைத்தியசாலைக்கு வந்து பலகையில படுத்தீங்க? வேண்டுதலா?

— நானா வந்தேன்? முதலாளி ஜீப்புல ஏத்தி அனுப்பினார். பதினெட்டு வருஷமா அவர் கம்பெனியில முந்திரிக்கொட்டை உடைக்கிறேன், ஒரு தலைவலி மாத்திரை தந்ததில்லை. இப்ப மூஞ்சிக்கு ஏழு நாள் தைலமாம்.

— தந்தா வாங்கிக்கிட்டுப் போங்களேன். கன்னம் அடுப்புச்சட்டி மாதிரி கருத்துக் கிடக்கு. நாலு மரப்பட்டை போட்டுக் காய்ச்சின எண்ணெய் இது. தாடையிலேர்ந்து காதுப் பக்கமா மெல்ல ஏத்தித் தேய்ச்சா ரத்தம் ஓடும், கருப்பு மங்கும்.

— மங்கிட்டா எதைக் காட்டுவேன்? வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் வர்றார். கொட்டைப் பால் பட்டு வெந்துபோகாம இருக்க கைக்காவது சாம்பல் பூசிக்கிறோம், வறுக்கிற புகைக்கு மூஞ்சியில என்னத்தைப் பூச? புகைக்குழாயை மேல தூக்கி வைன்னு மனு எழுதினது நான்.

— முதலாளி என்ன சொல்றார்?

— சந்தையில செவப்பாக்குற கிரீம் வாங்கிப் பூசி நானே கெடுத்துக்கிட்டேனாம். அம்பத்திரண்டு வயசுல என்னை யார் பொண்ணு பார்க்க வர்றா?

— சிரிக்க வைக்காதீங்க, கிண்ணம் சாயுது. ஆனா கருப்போட போய் நின்னாலும் அவர் அதையேதான் சொல்வார்.

— சொல்லட்டும். எங்களை வாசல்ல வரிசையா நிக்கவச்சுத்தான் ஆபீசருக்குக் காட்டுவார், எப்பவும் அப்படித்தான். நான் மட்டும் ஒரு அடி முன்னால வந்து நிப்பேன்.

— சரி, தேய்க்கலை. பார்க்கவாவது விடுங்க, வைத்தியருக்கு எழுதித் தரணும். ஜன்னல் பக்கம் திரும்புங்க. இப்ப இந்தப் பக்கம். சேச்சி, இடது கன்னம் சுத்தமா இருக்கே.

— அதுக்கென்ன?

— கிரீமை யாராவது ஒரு கன்னத்துக்கு மட்டும் பூசுவாங்களா?

— வலது பக்கம் மட்டும் பூசினான்னு அடிச்சுப் பேசுவார். உனக்கு அவரைத் தெரியாது.

— வறுக்கிற டிரம் உங்களுக்கு எந்தப் பக்கம்?

— வலது பக்கம். கதவு வழியா புகை நேரா கன்னத்துலதான் அடிக்கும்.

— எதிர் வரிசையில யாரு?

— நபீசா. பதினோரு வருஷமா முட்டிக்கு முட்டி உட்கார்ந்து உடைக்கிறோம். துணைக்கு வந்து வெளிய பெஞ்சுல இருக்கா. அவளுக்கும் இதே கருப்புதான்.

— எந்தக் கன்னத்துல?

— அவ என்னைப் பார்த்து உட்காருவா... இரு. இடது. அவ வரிசை பூராவும் இடது கன்னம், லீலாமணி. என் வரிசை பூராவும் வலது.

— எண்ணெயை மூடி வைக்கட்டா?

— மூடி வை, சனிக்கிழமை வந்து தேய்ச்சுக்கிறேன். ஏ நபீசா, இங்க வா. போய் எல்லார்கிட்டயும் சொல்லு: வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தா ஒருத்தியும் உடைக்கிற இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அவர் உள்ள வந்து ரெண்டு வரிசையையும் பார்க்கட்டும்.