மறுநாள் வலியை விசாரித்தவருக்கு

வாய் திறக்க அஞ்சி வந்தவர்களை வாய்விட்டுச் சிரிக்க வைத்து வழியனுப்பியவரே! வீங்கிய கன்னத்தோடு விம்மி நின்றவர்களுக்கு விரைந்து நாற்காலி இழுத்துப் போட்டவரே! முப்பத்தோராண்டுக் காலம் இந்தப் பல் மருத்துவமனையின் முன்னறைக்கு முகமாக விளங்கி, இன்று பணி ஓய்வு பெறும் மூத்த செவிலியரே! எங்கள் அன்பு அக்காவே, வணக்கம்!

சொத்தைப் பல்லின் வேரைச் சுத்தம் செய்து, மேலே 'கேப்' என்னும் உறை போட்டு அனுப்பியதும் மருத்துவர்களின் வேலை முடிந்துவிடும். உங்கள் வேலை அப்போதுதான் தொடங்கும். உறை போட்டுக்கொண்ட ஒவ்வொருவரையும் மறுநாள் காலை தொலைபேசியில் கூப்பிடுவது, யாரும் சொல்லாமல் நீங்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். "ராத்திரி தூங்குனீங்களா? சாப்பிட்டுட்டுத்தானே மாத்திரை போட்டீங்க? வீக்கம் நேத்தைவிடக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" கேட்பது இவ்வளவுதான், அவர்கள் வாய்க்குள் நடப்பதெல்லாம் உங்களுக்கு வெளிச்சமாகிவிடும்.

சூடான துணியைக் கன்னத்தில் வைத்து வீக்கத்தை வளர்த்துக்கொண்ட தையற்காரரிடம், "சூடு வேண்டாம் தம்பி. ஐஸைத் துணியில சுத்தி வெளியில வைங்க. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிங்க. ரெண்டு தலையணை வச்சுப் படுங்க" என்று எத்தனை பொறுமையாகச் சொன்னீர்கள்! "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சமாளித்த பள்ளி ஆசிரியையின் குரல் குழறுவதைக் கவனித்து, "வாயில ரெண்டு விரல் நுழையுதா பாருங்க" என்றீர்கள். ஒன்றுகூட நுழையவில்லை. சீழ் பரவுவதற்குள் அவரைப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வைத்தீர்கள். அந்த ஆசிரியை இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்களுக்குக் கோபமே வராது என்று பொய் சொல்ல மாட்டோம். கையுறையோடு கதவுக் கைப்பிடியைத் தொட்ட இளைய மருத்துவர் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தெருமுனை வரை கேட்டது. அன்று மாலையே அவருக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தவரும் நீங்களே!

இத்தனை புகழ்ந்துவிட்டு ஒன்றை மறைத்தால் இம்மடல் பொய்யாகிவிடும். ஐந்து நாளைக்கு முன் உங்கள் கடைவாய்ப் பல்லுக்கு நாங்கள்தான் உறை போட்டோம். மறுநாள் காலை நீங்கள் வழக்கம்போல் மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களை ஒருவரும் விசாரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்துகொண்டும் விசாரிக்கவில்லை! நேற்று மதியம் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஒரு பக்கமாகவே நீங்கள் மென்றபோதுதான், முகக்கவசத்துக்குள் நாலு நாளாக ஒளிந்திருந்த வீக்கம் எங்கள் கண்ணில் பட்டது.

"மூணு நாளைக்கு மேல வீக்கம் நின்னா உடனே வந்துடணும்" என்று ஊருக்கெல்லாம் சொன்ன நீங்கள், எங்களிடம் என்ன சொன்னீர்கள்? "எல்லா நாளும் ஆளுங்க நிறைஞ்சு கெடக்கு, என்னை எங்க நுழைக்கிறது? ரிட்டயர் ஆனதும் வரிசையில வந்து உக்காந்துக்கிறேன்." ஊராரின் வலியைக் கேட்கக் கற்றுக்கொண்ட நாங்கள் உங்கள் வலியைக் கேட்காமல் இருந்துவிட்டோம். மன்னித்துவிடுங்கள், அக்கா.

ஆகவே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே உள்ளறைக்கு வாருங்கள். இன்றைய பிற்பகல் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை. பெரிய டாக்டர் கைகழுவிக்கொண்டு காத்திருக்கிறார். எக்ஸ்ரே எடுப்பார், நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி உறை எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார். விருந்து எங்கும் ஓடிவிடாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுப்பா" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதைக் கேட்காமல் உங்களை வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை.

இரண்டு பக்கமும் மென்று, நிம்மதியாகத் தூங்கி, நீங்கள் நூறாண்டு வாழ வாழ்த்தும்,
உங்களை விசாரிக்க மறந்த உங்கள் தம்பி தங்கைகள்,
மருத்துவமனைப் பணியாளர்கள்.